சிலுவை எடுக்கப்படுவது, ஏற்றப்படுவது அன்று

தியானப் பகுதி: மாற்கு 8:31-38, யோவான் 12:23-26



நம்முடைய சபைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் ஓர் ஆலோசனையை இவ்வாரம் எதிர்த்து எழுதுகிறேன். கணவனிடம் அடிபட்டு, முகம் வீங்கி, போதகரைத் தேடி வருகிற சகோதரியிடம், "இது உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவையம்மா, பொறுமையாய்ச் சும, பரலோகத்தில் உனக்குப் பலன் உண்டு" என்று சொல்லி, ஒரு ஜெபம் செய்து, அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற ஆலோசனையைக் குறித்தே பேசுகிறேன். இது வேதத்தின் பெயரால் சொல்லப்படுகிறது. வேதமோ இதைச் சொல்லவில்லை.

முதலாவது, சொல்லைக் கவனியுங்கள். மாற்கு 8:34இல் நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு "வெறுத்து" என்று சொல்லுகிறது. அதைக் கேட்கிறவர்கள், தன்னை அற்பமாய் எண்ணுவதும், தன் உடலையும் மானத்தையும் பொருட்படுத்தாதிருப்பதுமே சீஷத்துவம் என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல் "அபர்நேயோமாய்". இதே சொல்லைத்தான் மாற்கு 14ஆம் அதிகாரத்தில், சேவல் கூவுமுன் பேதுரு ஆண்டவரை மறுதலிப்பான் என்று கூறும் இடத்திலும் காண்கிறோம். பேதுரு அன்று இயேசுவை வெறுக்கவில்லை. "அந்த மனிதன் யாரோ, நான் அறியேன்" என்னும் கருத்தில் உறவை அறுத்துப் பேசினான். ஆகவே தன்னை மறுதலிப்பது என்பது, என் உள்ளத்தின் சிங்காசனத்தில் அமர்ந்து கட்டளையிடும் "நான்" என்பவனை நோக்கி, "நீ என் எஜமான் அல்ல" என்று சொல்லுவதாகும். தேவசாயலாகப் படைக்கப்பட்ட தன்னை மிதிபட ஒப்புக்கொடுப்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

யோவான் 12:25இல் வரும் வெறுத்தலோ வேறு சொல். அது எபிரெய மரபின்படி, ஒன்றைவிட மற்றொன்றை மேலாகத் தெரிந்துகொள்வதைக் குறிக்கும். லூக்கா 14:26இல் தகப்பனையும் தாயையும் வெறுப்பதைப்பற்றிச் சொல்லப்பட்டதை, மத்தேயு 10:37 ஆண்டவரிலும் அதிகமாய் அவர்களை நேசிப்பதைப்பற்றியதாகக் கூறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்கிறவன் தன்வெறுப்பை ஒரு புண்ணியமாகப் போதிக்கமாட்டான்.

இரண்டாவது, சிலுவையைக் கவனியுங்கள். ஆண்டவர் "விரும்பினால்" என்னும் நிபந்தனையோடு பேசுகிறார். சிலுவையைச் சீஷன் தானே எடுத்துக்கொள்ளுகிறான். ஒருவரும் அதை அவன்மேல் ஏற்றுவதில்லை. சுவிசேஷத்தில் பலவந்தமாய்ச் சிலுவை சுமத்தப்பட்டவன் ஒருவன் உண்டு; அவன் சிரேனே ஊரானாகிய சீமோன் (மாற்கு 15:21). சுமத்தியவர்கள் ரோமப் போர்ச்சேவகர். நம்மிடம் வருகிற சகோதரியின் தோளில் கட்டாயமாய்ச் சுமையை ஏற்றும்போது, நாம் எவருடைய வேலையைச் செய்கிறோம்? ஆண்டவரின் வேலையையா, போர்ச்சேவகரின் வேலையையா?

ஆண்டவர் தாமே தம்முடைய ஜீவனை ஒருவனும் தம்மிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்றும், தாமே அதைக் கொடுப்பதாகவும் சொன்னார் (யோவான் 10:18). வேளை வருமுன் நாசரேத்தார் மலையிலிருந்து தள்ள வந்தபோது அவர்கள் நடுவே கடந்துபோனார் (லூக்கா 4:29-30). சேவகன் ஒருவன் அறைந்தபோது, தம்மை ஏன் அடிக்கிறாய் என்று நியாயம் கேட்டார் (யோவான் 18:23). பவுலும், வாரினால் அடிக்கப்படுமுன் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டித் தப்பினார் (அப்போஸ்தலர் 22:25). இவர்கள் சிலுவையை மறுத்தவர்களா? நியாயம் கேட்பதும் தப்பிச்செல்வதும் அவிசுவாசம் என்றால், இந்தப் பகுதிகளை நம் வேதாகமத்திலிருந்து கிழித்துப்போட வேண்டியிருக்கும்.

"அப்படியானால் 1 பேதுரு 2, 3ஆம் அதிகாரங்கள் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. நியாயஸ்தலத்தின் கதவு தங்களுக்குத் திறவாத அடிமைகளுக்கும், அவிசுவாசியான கணவரோடு வாழ்ந்த மனைவிகளுக்கும் பேதுரு எழுதினார். தேவனை நினைத்து, நன்மை செய்ததினிமித்தம் வரும் பாடு வீணல்ல என்று அவர்களைத் தேற்றினார். பாடு அனுபவிக்கிறவனுக்குச் சொன்ன ஆறுதலை, பாடுபடுத்துகிறவனுக்கு அனுமதிச் சீட்டாக அவர் எழுதித்தரவில்லை. கணவன் மனைவியைக் கனம்பண்ணாவிட்டால் அவனுடைய ஜெபமே தடைபடும் என்று 3:7இல் எச்சரிக்கிறார். அடிக்கிற கணவன் முன்வரிசையில் அமர்ந்து காணிக்கைத்தட்டு எடுக்கும் சபைகளில், இந்த வசனத்தைப் பிரசங்கிக்க நமக்குத் துணிவு உண்டா? 1 கொரிந்தியர் 7:11இல், மனைவி பிரிந்து வாழும் நிலையையும் பவுல் கருத்தில் கொண்டே பேசுகிறார்.

மூன்றாவது, நித்திய ஜீவன். சகித்தால் பரலோகம் என்று சொல்லும்போது, கிருபையைக் கூலியாக்குகிறோம். யோவான் 12:25இல் தமிழில் "ஜீவன்" என்றே வாசிக்கிறோம். மூலத்திலோ இரண்டு சொற்கள் உண்டு. இவ்வுலகத்தில் நாம் பற்றிக்கொண்டிருப்பது "ப்சூக்கே", நித்தியமாயிருப்பது "சோயே". நான், எனது என்று இறுகப் பிடித்திருக்கும் வாழ்வு ஒன்று. தேவனிடமிருந்து வரும் வாழ்வு வேறொன்று. அந்த வாழ்வு தேவனையும் அவர் அனுப்பின கிறிஸ்துவையும் அறிவதே (யோவான் 17:3). அது ஈவு (ரோமர் 6:23). விசுவாசிக்கிறவன் இப்பொழுதே மரணத்தை விட்டு ஜீவனுக்குள் வந்திருக்கிறான் (யோவான் 5:24). அடி வாங்கிய எண்ணிக்கைக்கு ஏற்ப அது அளந்து கொடுக்கப்படுவதில்லை.

தன்னை மறுதலிக்கும் அழைப்பு அப்படியே நிற்கிறது. அதை ஒருபோதும் நான் குறைக்கவில்லை. அது யாருடைய வாசலில் முதலாவது தட்டுகிறது என்பதே கேள்வி. சகேயு தன் ஆஸ்திகளில் பாதியைத் தரித்திரருக்குக் கொடுத்து, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான், அது மறுதலித்தல். கணவன் தன் கையையும் கோபத்தையும் மறுதலிக்கட்டும்; எபேசியர் 5:25 தன்னை ஒப்புக்கொடுக்கும்படி அவனுக்கே கட்டளையிடுகிறது. மாமியார் வரதட்சணை ஆசையை மறுதலிக்கட்டும். மூப்பர் சபையின் பேர் கெட்டுவிடும் என்ற பயத்தை மறுதலிக்கட்டும். லெந்து நாட்களில் நாற்பது நாள் இறைச்சியையும் பூவையும் விட்டுவிட்டு, வீட்டில் வன்முறையை மட்டும் விடாதவனுக்கு ஏசாயா 58ஐ வாசித்துக் காட்டுங்கள்.

சீஷத்துவத்தின் விலையைப்பற்றி 1937இல் நூல் எழுதிய தீத்ரிச் போன்ஹோஃபர், 1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாய்த் தங்கியிருக்க வாய்ப்பிருந்தும் சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் தெரிந்துகொண்ட பாதை அது. ஒடுக்குகிறவர்களை எதிர்த்து நின்றதினால் அவருக்குச் சிலுவை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களை மௌனமாயிருக்கச் சொல்லி அவர் அதைப் பெறவில்லை.

உடன் ஊழியரே, அடுத்த முறை அப்படி ஒரு சகோதரி வரும்போது, "சும" என்று சொல்லாதிருங்கள். "இன்றிரவு உனக்குப் பாதுகாப்பான இடம் உண்டா?" என்று கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதைச் சொல்லுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டதைச் சொல்லுங்கள். அவளோடு காவல் நிலையத்துக்கு நடந்து செல்லுங்கள். ஊரார் பேசுவார்கள், செல்வாக்குள்ள குடும்பம் காணிக்கையை நிறுத்தும், நற்பெயர் குலையும். நீங்கள் மனமுவந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சிலுவை அதுவே.

பலவந்தம்பண்ணுகிறவனுக்கு மனந்திரும்புதலையும், நொறுங்குண்டவளுக்கு அடைக்கலத்தையும், மேய்ப்பர்களாகிய நமக்குத் தைரியத்தையும் கர்த்தர் தந்தருள்வாராக. ஆமென்.