தழும்போடு வாருங்கள்



அடுத்த இதழை முகங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். பிரிவுகள் இரண்டே இரண்டு. ஒன்று, ராணிப்பேட்டை மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் காட்டுயிர்களின் முகம். மற்றது உங்கள் முகம், நீங்களே எடுத்தது. ‘குரங்குக்கும் செல்ஃபிக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்று எங்கள் ஆசிரியர் குழுவிலேயே கேட்டுவிட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

நம்மூர்த் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கைதேர்ந்த ஆள் ஒரு தோலை வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், அந்தப் பிராணி பிழைத்த பிழைப்பையே சொல்லிவிடுவார். இந்தப் புள்ளிகள் உண்ணி கடித்தவை. இந்தக் கோடு முள்வேலி கிழித்து ஆறியது. இங்கே சூடு போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் மறைக்கவும் வழி உண்டு. பஃபிங் மிஷினில் மேற்பரப்பைத் தேய்த்து, நிறப்பூச்சு ஏற்றி, சூடான தகட்டால் அழுத்தினால், எந்த மாட்டுத் தோலும் ஒரே அச்சாக வெளியே வரும். அதற்குப் பெயர் கரெக்டட் கிரெயின். தேய்க்காமல், இயற்கையான மேற்பரப்போடு அப்படியே விட்டால் ஃபுல் கிரெயின். இரண்டில் எதற்கு விலை கூடுதல் என்று உங்களுக்கே தெரியும்.

செல்போனில் இருக்கும் பியூட்டி ஃபில்டர் செய்வதும் அதே பஃபிங் வேலைதான். எங்களுக்கு வரும் செல்ஃபிகளில் அம்மை வடு காணாமல் போயிருக்கிறது. நெற்றிச் சுருக்கம் மறைந்திருக்கிறது. கறுத்த முகம் இரண்டு படி வெளுத்திருக்கிறது. வாலாஜாபேட்டைத் தாத்தாவும் ஆற்காட்டுப் பேரனும் அண்ணன் தம்பி போல இருக்கிறார்கள்!

காட்டில் தழும்புதான் அடையாளம். யானைகளை ஆராய்கிறவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிவது காது மடலின் கிழிசலையும் ஓட்டையையும் மடிப்பையும், தந்தத்தின் வளைவையும் வைத்துத்தான். மசினகுடிப் பக்கத்தில் ‘ரிவால்டோ’ என்று ஊரே பெயர் சொல்லி அழைக்கும் ஆண் யானையைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். துதிக்கையின் நுனி அறுந்துபோனதுதான் அதன் முகவரி. 2021-ல் அதைப் பிடித்துக் கூண்டில் வைத்துச் சிகிச்சை தந்து, அதே ஆண்டில் மறுபடி காட்டில் விட்டார்கள். புலியை அடையாளம் காண்பதும் இப்படித்தான். இரண்டு புலிகளுக்கு ஒரே மாதிரி வரி அமைவதில்லை. அதை வைத்துத்தான் தானியங்கி கேமராக்களில் பதிவான படங்களிலிருந்து புலிகளைத் தனித்தனியே இனம்கண்டு எண்ணுகிறார்கள். அந்தப் படங்களில் ஃபில்டர் போட்டிருந்தால் இந்தியாவில் எத்தனை புலி என்பதே தெரிந்திருக்காது.

காட்டுயிர்ப் புகைப்படக் கலைக்குத் தமிழரில் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் சாகும்வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் நம்பியது கறுப்பு வெள்ளையை. பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்து, பெரிய கனத்த கேமரா ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். காட்டுக்குள் நடந்தும், வளர்ப்பு யானையின் முதுகிலேறியும் போய் எடுத்த படங்கள் அவருடையவை. நிறம் இல்லாததால் பார்ப்பவர் கண் நேரே தோலின் சுருக்கத்துக்கும், காதில் காய்ந்த சேற்றுக்கும், கண்ணோரத்துக்கும் போகிறது. யானை என்ற இனம் பின்னுக்குப் போய், இந்த யானை என்ற ஆள் முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பெயர்தான் உருவப்படம்.

யானை முகம் தேடி முதுமலைக் காட்டுக்குப் போக எல்லோராலும் முடியாது. நமக்குச் சோளிங்கர் இருக்கிறது. யோக நரசிம்மரைப் பார்க்கப் பெரிய மலை ஏறுகிறவர்கள் தேங்காய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போவது யாருக்குப் பயந்து என்று சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு வரும் காட்டுயிர்ப் படங்களில் பெரும்பகுதி அந்த நாட்டுக் குரங்குகள்தான். அவற்றில் பாதியின் தலைப்பு, ‘சிரிக்கிறார் நம்ம ஆஞ்சநேயர்.’

அது சிரிப்பு அல்ல. நாட்டுக் குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால், ‘எனக்குப் பயமாக இருக்கிறது, விட்டுவிடு’ என்று பொருள். கண்ணைக் கண்ணால் முறைத்துப் பார்த்தால் அது மிரட்டல். நாம் கேமராவை முகத்துக்கு நேரே நீட்டும்போது அதன் கணக்கில் பெரிய ஒற்றைக் கண் ஒன்று முறைக்கிறது. வாயை அகலத் திறந்து கோரைப்பல் தெரியக் கொட்டாவி விட்டால், பெரும்பாலும் அது தூக்கமல்ல, பதற்றம். உதட்டைக் குவித்துச் சப்புக் கொட்டுவதுதான் நட்பு. பேன் பார்க்கும்போது கவனியுங்கள், அந்த முகம் கிடைக்கும்.

இன்னும் ஒரு வேடிக்கை. 2011-ல் உலகம் முழுக்கப் பரவிய ‘குரங்கு செல்ஃபி’ நினைவிருக்கிறதா? இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் டேவிட் ஸ்லேட்டர் என்ற பிரிட்டிஷ் படக்காரரின் கேமராவில் கறுப்பு நிற மக்காக் குரங்கு ஒன்று தானே பொத்தானை அழுத்திக்கொண்ட படம். உரிமை யாருக்கு என்று அமெரிக்க நீதிமன்றம் வரை வழக்குப் போய், பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் விலங்கு வழக்காட முடியாது என்று 2018-ல் தீர்ப்பானது. அந்தக் குரங்கும் பல்லைக் காட்டுகிறது. ஆனால் அந்த இனத்தில் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் நட்புக்கு அடையாளம்! ஒரே பல்வரிசை, அங்கே ஒரு பொருள், சோளிங்கரில் வேறு பொருள். நம் சிரிப்பை அவற்றின் முகத்தில் ஒட்டவைத்தால் படம் நம்மைப் பற்றித்தான் பேசும்.

முகபாவத்தை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1872-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகின்றன என்பதே பொருள். புகைப்படங்களோடு வந்த ஆரம்பகால அறிவியல் நூல்களில் அதுவும் ஒன்று. நாய், பூனை, குரங்கு எல்லாம் அதில் ஓவியங்களாகவே இருக்கின்றன. அன்றைய கேமராவின் வேகத்துக்கு அவை அசையாமல் நிற்குமா? மனித முகங்கள் பெரும்பாலும் புகைப்படங்கள். அவற்றில் சிலவற்றை எடுத்த ஆஸ்கர் ரைலாண்டர், அருவருப்பும் ஆத்திரமும் வியப்பும் காட்ட வேறு ஆள் தேடாமல் தாமே நடித்துக் காட்டினார். விலங்கின் முகத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் ஒரு மனிதர் தம் முகத்தையே கேமராவுக்குக் கொடுத்தார். எங்கள் இரண்டு பிரிவுகளும் ஒரே இதழில் வருவதற்கு இதைவிட என்ன நியாயம் வேண்டும்?

இனி வேலைக்கு வருவோம். நல்ல போனே போதும்.

விலங்கு, பறவை எடுப்பவர்களுக்கு: கண் தெளிவாக இருந்தால் மற்றதை மன்னிக்கலாம், கண் மங்கினால் எதுவும் தேறாது. அதன் கண்மட்டத்துக்கு நீங்கள் இறங்குங்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நாரையை எடுப்பதானால் சேற்றில் குந்தத் தயங்காதீர்கள். உச்சி வெயில் கண்குழியை இருட்டாக்கிவிடும். காலை வெயிலில் கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் பொட்டு விழும், உயிர் அதில்தான் இருக்கிறது. போனில் விரலால் ஜூம் செய்தால் படம் உடையும். தூரத்தில் இருந்தால் தூரத்திலேயே எடுங்கள், சுற்றியுள்ள பாறையும் தண்ணீரும் சேர்ந்து வரட்டும். நேரே நடந்து நெருங்காமல், பக்கவாட்டில் போய் உட்கார்ந்து வேறெங்கோ பாருங்கள். உங்களைக் கவனிப்பதை அது நிறுத்திய பிறகுதான் அதன் சொந்த முகம் வெளியே வரும்.

தன்னைத் தானே எடுப்பவர்களுக்கு: கை நீளத்தில் போனைப் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். அது உங்கள் முகத்தின் குறை அல்ல, அருகாமையின் விளைவு. ஐந்தடி தள்ளி ஜன்னல் திண்டிலோ ஸ்டூலிலோ போனைச் சாய்த்து, பின்பக்கக் கேமராவில் டைமர் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழட்டும். முன்பக்கக் கேமராவின் திரை கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டும். ஆகவே பின்பக்கக் கேமராவில் வரும் உங்கள் முகம் முதலில் உங்களுக்கே அந்நியமாகப் படும். பயப்பட வேண்டாம், ஊர் தினமும் பார்ப்பது அந்த முகத்தைத்தான். ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் வரும் சகோதரிகளும், டிரம்மில் தோலைப் புரட்டும் அண்ணன்மார்களும் அவசியம் அனுப்புங்கள். முகத்தோடு கையும் இருக்கட்டும். சாயம் ஏறிய நகத்துக்கு எங்கள் பக்கத்தில் இடம் உண்டு.

நிபந்தனைகள் கொஞ்சம்தான். ஃபில்டர் கூடாது. படத்துக்காகக் குரங்குக்குப் பழம், பிஸ்கெட் நீட்டக் கூடாது. பையைப் பிடுங்கும் பழக்கத்தை வளர்ப்பதே அந்தப் பிஸ்கெட்தான். கூட்டில் இருக்கும் குஞ்சுப் படங்கள் வேண்டாம், தாய்ப்பறவை கூட்டையே விட்டுப் போய்விடலாம். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி யானையோடு எடுத்த செல்ஃபி எவ்வளவு அழகாக இருந்தாலும் போடமாட்டோம். வனத்துறை அபராதம் ஒரு பக்கம், உயிர் இன்னொரு பக்கம்.

இந்த மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள். படத்தோடு நாலு வரி எழுதுங்கள்: எங்கே, எந்த வேளையில் எடுத்தீர்கள், அந்த முகத்தில் இருக்கும் தடம் எப்படி வந்தது? குரங்கின் கிழிந்த காதுக்குக் காரணம் தெரியாவிட்டால் கற்பனை செய்யாமல், கண்டதை மட்டும் எழுதினால் போதும். உங்கள் புருவத்துத் தழும்புக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதன் கதை உங்களுக்குத் தெரியும், விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்