புறப்படும் பிள்ளைக்கு ஒரு சொல்

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்திற்குப் புறப்படும் மாணவரின் பையில் துணிமணிகளைவிட அறிவுரைகளே அதிகம் இருக்கும். "நன்றாகப் படி" என்பார் தந்தை. "நேரத்தோடு சாப்பிடு" என்பார் தாய். "கூட்டாளிகளைப் பார்த்துப் பழகு" என்பார் பாட்டி. இவை அனைத்தும் அன்பில் பிறந்தவை. ஆயினும், மிகவும் தேவையான ஓர் அறிவுரையைப் பல குடும்பங்கள் சொல்ல மறந்துவிடுகின்றன. "தடுமாறினால் மறைக்காமல் வீட்டில் சொல்" என்பதே அது.

புதிய சூழலில் தடுமாற்றம் ஏற்படுவது இயல்பே. ஜொகூரில் வளர்ந்த மாணவருக்குக் கெடா மாநிலத்தின் சிந்தோக்கிலோ சபாவின் கோத்தா கினபாலுவிலோ இடம் கிடைக்கலாம். அங்கே வீட்டுப்பாடத்தை நினைவூட்ட ஆசிரியர் வரமாட்டார். காலையில் எழுப்ப அம்மாவும் இருக்கமாட்டார். பள்ளியில் முதல் மாணவராகத் திகழ்ந்தவரும் முதல் பருவத்தில் பின்தங்கக்கூடும்.

அந்நிலையில் பலர் உண்மையை மறைக்கின்றனர். அதற்குச் சோம்பல் காரணமன்று, குற்றவுணர்வே காரணம். மிகுதிநேர வேலை செய்தும் நகையை அடகு வைத்தும் அனுப்பிய பெற்றோரிடம், "எனக்குப் பாடம் புரியவில்லை" என்று எப்படிச் சொல்வது? குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தவருக்கு இச்சுமை இன்னும் கூடுதல்.

மறைப்பதால் ஏற்படும் இழப்போ பெரிது. ஒரு பருவத்தில் ஏறத்தாழ 14 வாரங்களே விரிவுரைகள் நடைபெறும். நான்காம் வாரத்தில் உதவி நாடுபவர் மீண்டு விடலாம். பன்னிரண்டாம் வாரத்தில் நாடுபவருக்கு அவகாசம் இராது. தேர்ச்சி பெறாத பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தால் காலமும் பணமும் கூடுதலாகச் செலவாகும். பி.டி.பி.டி.என். கடனுதவியில் படிப்பவர், அப்பணத்தைப் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டியவர் என்பதையும் மறத்தலாகாது.

பணத்தைக் கையாள்வதிலும் இதே வெளிப்படைத்தன்மை தேவை. பருவத் தொடக்கத்தில் மொத்தமாகக் கிடைக்கும் தொகையை வாரக் கணக்காகப் பிரித்துச் செலவிடப் பெற்றோர் கற்றுத்தரலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழியின் பொருளை, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவர்களைவிட வேறு யார் நன்கு அறிவர்?

"தோல்வியைச் சொல்லலாம் என்றால் பிள்ளைகள் பொறுப்பில்லாமல் போய்விடுவார்களே" எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானதே. எனவே, சிக்கலைச் சொல்லும்போது, அதைத் தீர்க்கத் தாம் எடுத்த முயற்சியையும் சொல்வது மாணவரின் கடமையாகும். விரிவுரையாளரைச் சந்தித்தாரா? கல்வி ஆலோசகரை நாடினாரா? பல்கலைக்கழகத்தை அறியாத பெற்றோரும் இக்கேள்விகளைக் கேட்க இயலும். "ஏன் புள்ளி குறைந்தது?" என்னும் கேள்வி பிள்ளையின் வாயை அடைக்கும், "யாரைப் போய்ப் பார்த்தாய்?" என்னும் கேள்வியோ வழியைக் காட்டும்.

ஆகவே, பேருந்து நிலையத்தில் வழியனுப்பும்போது, "வெற்றியோடு திரும்பி வா" என்று வாழ்த்துவதோடு நின்றுவிடக் கூடாது. "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்றும் சொல்லியனுப்ப வேண்டும். அச்சொல்லை நம்பி ஒருநாள் பிள்ளை தொலைபேசியில் அழைக்கும்போது, திட்டாமல் கேட்பதே அந்த அறிவுரையைக் காப்பாற்றும்.