கோடி வைத்துக் கட்டுங்கள்



ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் பக்கம் நிலம் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர் ஆசையோடு எழுதியிருக்கிறார். நிலத்தின் நடுவே மழைக்கால ஓடை ஒன்று இறங்குகிறதாம். குறுக்கே மண்கரை போட்டால் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் நீந்துவார்கள், பரிசல் விடலாம், நான்கு குடில் போட்டால் விருந்தினரும் வருவார்கள். இதைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று கேட்கிறார்.

ஆசையில் குறையே இல்லை. கோமுட்டேரியில் படகு ஏறவும் சாத்தனூர் அணைப் பூங்காவில் ஒரு நாளைக் கழிக்கவும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள்தானே நாம். ஆனால் பொழுதுபோக்குக்கென்று தனியார் வைத்திருந்த மண் அணைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முதல் கூடை மண் விழும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்று ஓர் அணை. படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் தர அரசு கட்டியது. ரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலை போயிற்று, அணை கைமாறியது. இடையில் அதை வாங்கிய ஒருவர் அடிமட்டத்து இரும்புக் குழாய்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். நீர்மட்டத்தை இறக்க இருந்த ஒரே வழி அதோடு போயிற்று. 1879இல் அணை ஒரு மீன்பிடி, வேட்டை மன்றத்தின் கைக்கு வந்தது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃப்ரிக் போன்ற பெருஞ்செல்வர்கள் அதில் உறுப்பினர்கள். எதிரெதிரே இரண்டு குதிரை வண்டிகள் போக வேண்டும் என்று கரையின் தலையைத் தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். விலை கொடுத்து விட்ட மீன்கள் தப்பிவிடக் கூடாது என்று உபரிநீர் வழியில் கம்பிவலை அடித்தார்கள். கீழேயிருந்த இரும்பாலைக்காரர்கள் 1880இலேயே பொறியாளரை அனுப்பிப் பார்த்து எச்சரித்தார்கள். மன்றம் கேட்கவில்லை.

1889 மே 31. விடாத மழை. கட்டையும் சருகும் வந்து வலையை அடைத்துக்கொண்டன. பிற்பகலில் தண்ணீர் கரை ஏறி வழிந்து, மண்ணை அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரில் 2,209 பேர் மாண்டார்கள். நீதிமன்றத்தில் மன்றத்தின் மீது பொறுப்பு விழவே இல்லை. வலையை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. சில மீன்களைக் காக்க வெள்ளத்தின் வழியை மறித்திருக்கிறார்கள்.

அது பெரிய அணை, 72 அடி உயரம். நம் வாசகர் நினைப்பது அந்த அளவுக்கு வராது. எனவே சிறியது ஒன்றையும் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்து கெல்லி பார்ன்ஸ் அணை ஏறத்தாழ 40 அடிதான். ஒரு வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தமானது. மின்சாரம் எடுப்பதை 1957இல் நிறுத்திய பிறகு பொழுதுபோக்குக் குளமாகவே கிடந்தது. கரையில் மரங்கள் வளர்ந்தன. 1977 நவம்பர் 6, நள்ளிரவு கடந்த நேரத்தில் உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சிலவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. பண்ணையில் போடும் பத்தடி, இருபதடிக் கரையை அந்தச் சட்டம் திரும்பிப் பார்க்காது. கட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை நம்மிடம் கருணை காட்டும் என்றும் நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறக்க வேண்டியிருந்தது. அந்த மழை உங்கள் ஓடையில் இறங்கினால் எங்கே போகும்?

நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இதற்கு விடை வைத்துவிட்டுத்தான் கரை போட்டார்கள். கரையின் ஓரத்தில், கெட்டித் தரையில், கல் பாவி உபரிநீர் வழி விட்டார்கள், அதுதான் கோடி. ஏரி நிறைந்தால் கோடி போகும், அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். மண்ணின் மேல் தண்ணீர் ஏறக் கூடாது என்பது அவர்களுக்கு அத்தனை முக்கியம். ஆகவே வாசகரே, குடிலுக்குப் போடும் கணக்கைக் கோடிக்கு முதலில் போடுங்கள். அகலமாக விடுங்கள், வலை கட்டாதீர்கள். அடியில் மதகோ குழாயோ இருக்கட்டும், புயல் அறிவிப்பு வந்ததும் நீரை இறக்கிவிடலாம். கரையில் மரம் வேண்டாம், புல் போதும். எலி வளையும் நண்டு வளையும் மழைக்கு முன்பே அடைபட வேண்டும். கரையின் பின்புறம் கசிவு தெளிவாக வந்தால் கண்காணியுங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, உடனே கீழே இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள். ஓடை புறம்போக்கு என்று இருந்தால், இருபுறமும் உங்கள் பட்டாவாகவே இருந்தாலும், அதன் குறுக்கே கரை போடும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த நீருக்காகச் சேயாற்றுப் படுகை வரை உழவர்கள் காத்திருக்கிறார்கள். அப்படியானால் ஓடையை விட்டு ஒதுங்கி, உங்கள் நிலத்திலேயே பள்ளமாகக் குளம் வெட்டிக்கொள்ளுங்கள். தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீருக்கு உடைவதற்குக் கரையே இல்லை. பிள்ளைகள் நீந்த அது தாராளம். ஒரு பக்கமாவது சரிவாக, படி வைத்து வெட்டுங்கள், தவறி விழுந்தவர் ஏறி வரட்டும்.

மற்ற வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊருக்கு மேலே தனியார் போட்ட கரை ஏதும் உண்டா? எந்த ஓடை, கோடி இருக்கிறதா, அதன் கீழே எத்தனை வீடுகள் என்று எழுதுங்கள். உரியவர் பெயர் வேண்டாம், இடம் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே அவற்றைத் தொகுத்து மாவட்ட நிர்வாகத்திடமும் நீர்வளத் துறையிடமும் கொடுக்க விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்