பெயரில் நிற்கும் மரம்

பால்டிக் கடலோரத்தே அமைந்த சிறு நாடு லாத்வியா. அங்கு மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் 'பேர்சின்ஷ்' என்பது. 'பேர்ஸ்' என்றால் பூர்ச்ச மரம். 'இன்ஷ்' என்னும் விகுதி சிறுமையையும் செல்லத்தையும் உணர்த்தும். ஆகவே 'சின்னஞ்சிறு பூர்ச்ச மரம்' என்பதே பொருளாம். இமயத்தில் விளையும் இம்மரத்தின் பட்டையில் அக்காலத்தார் நூல் எழுதினர். வடமொழியில் அதற்கு வழங்கும் 'பூர்ஜம்' என்னும் பெயரும் லாத்வியரின் 'பேர்ஸ்' என்பதும் ஒரே வேரிற் பிறந்த சொற்கள்.

மரம் குடும்பப் பெயரானது எவ்வாறு? லாத்வியக் குடியானவர் ஜெர்மானியப் பிரபுக்களின் பண்ணைகளிற் கட்டுண்டு கிடந்தவர்கள். குடியிருந்த பண்ணைவீட்டின் பெயரே அவர்களுக்கு அடையாளம். 1817 இல் கூர்லாந்திலும் 1819 இல் லிவோனியாவிலும் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதன்பின்னரே குடும்பந்தோறும் ஒரு பெயர் பதிவாயிற்று. கண்முன் நின்ற இயற்கையே பலருக்குப் பெயராக அமைந்தது. சிறு குன்று 'கல்னின்ஷ்' ஆயிற்று. புறா 'பலுவோடிஸ்' ஆயிற்று.

பதுளை, பசறை, ஹாலி-எலப் பகுதித் தோட்டங்களில் நம் முன்னோரும் தோட்டத்தின் பெயராலும் செக்ரோல் எண்ணாலும் அறியப்பட்டவர்களே. மலையப்பன், செண்பகம், கிளியம்மாள் என அவர்தம் பெயர்களிலும் மலையும் மலரும் பறவையும் உண்டு. ஆயினும் குடும்பப் பெயர் பூணும் வழக்கம் நமக்கில்லை. மலையப்பனின் மகன் 'ம. இராமையா' ஆகிறான், மலை ஓரெழுத்தாய்ச் சுருங்குகிறது. பேரன் 'இ. முருகேசு' ஆகும்போது அவ்வெழுத்தும் மறைகிறது. தாய் செண்பகமோ தலைப்பெழுத்திலும் இடம் பெறுவதில்லை.

முன்னோர் பெயரை அறிந்திருத்தல் வெறும் பெருமைக்கன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்குப் பிறந்தவரை நோக்கி, 'உன் தந்தை இலங்கையிற் பிறந்தவரா? அன்றேல், பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்களா?' என்று கேட்டது. சான்று காட்ட இயலாதோர் எண்ணற்றோர். நாடற்றோராய் எஞ்சி நின்றவர்க்கு 2003 ஆம் ஆண்டின் சட்டம் வழி திறந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதனாற் குடியுரிமை பெற்றனர்.

மாணவச் செல்வர்களே, தாத்தாவையும் அப்பாயியையும் அம்மாயியையும் அணுகிக் கேளுங்கள். அவர்களுடைய தாய் தந்தையரின் முழுப்பெயர், பிறந்த தோட்டம், ஆண்டு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுதல் நன்று. ஓரெழுத்துக்குள் ஒளிந்த மலையை வெளிக்கொணர அதுவே வழி என்போம்.