இருப்பவருக்கு மட்டும் வாடகைக் கட்டுப்பாடு

கலிஃபோர்னியாவில், கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவில், வாடகைக்குக் குடியிருப்போர் கையெழுத்து திரட்டி 2016 நவம்பர் தேர்தலில் வாடகைக் கட்டுப்பாட்டைச் சட்டமாக்கினார்கள். பழைய அடுக்ககங்களில் வாடகை 2015 அக்டோபர் அளவுக்கு இறங்கியது. தக்க காரணமின்றிக் காலிசெய்யச் சொல்லவும் தடை வந்தது. 2020 மார்ச்சில் இதைத் தளர்த்த நகரமன்றம் முயன்றபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். பெரிய காரியம்தான்.

ஆனால் 1995-இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. குடியிருப்பவர் தாமாகவே வெளியேறினால், அடுத்து வருபவரிடம் வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. ஆக, ஏற்கனவே இருப்பவருக்கு நிம்மதி. புதிதாக வேலைக்கு வரும் பள்ளி ஆசிரியைக்கு அதுவும் இல்லை. அச்சட்டத்தை நீக்கவோ திருத்தவோ 2018, 2020, 2024-இல் மாநில வாக்கெடுப்புகள் நடந்தன. (வீடு வாங்கிய நம்மவர்கள் எப்படி வாக்களித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.) மூன்றும் தோற்றன.