தொட்டிலில் தொடங்கும் பாடம்

"பாட்டுத்தானே, பாடிவிட்டுப் போகட்டுமே!" என்கின்றனர் பண்பாட்டுக் காவலர்கள். பாட்டுத்தானா, தோழர்களே? எழுத்தறியாப் பருவத்தில் நெஞ்சில் ஏறியது எழுபது வயதிலும் இறங்குவதில்லை. அறிவு விழிக்குமுன் உள்ளே குடியேறி, பின்னர் வரும் அறிவை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் வல்லமை பாட்டுக்கு உண்டு.

காமயகவுண்டன்பட்டிக் குழந்தை தன் ஊர்ப்பெயரை எழுதப் பழகும்போதே ஒரு சாதிப் பட்டத்தையும் சேர்த்தே எழுதப் பழகுகிறது. அதற்கும் முந்திய பாடம் தொட்டிலில் நடந்து முடிந்துவிடுகிறது. நம் தாலாட்டுகளைக் கேளுங்கள். பிள்ளைக்கலி தீரத் தாய் தவங்கிடந்தாள். கோயில் குளமெல்லாம் சுற்றினாள். வந்து பிறந்தது யார்? ஆண்மகன்! குலம் விளக்க வந்தவன், கொள்ளி வைக்க வந்தவன்! பெண்மகவு பிறந்தால் இத்தனை ஆரவாரம் உண்டா?

1992-இல் சேலத்தில் அரசாங்கமே தொட்டில் வைத்ததே, ஏன்? 2001-இல் அத்தொட்டில் குழந்தைத் திட்டம் நமது தேனி மாவட்டத்திற்கும் வந்ததே, ஏன்? பெண் சிசுவைக் கொலையினின்று காக்க அன்றோ! பாட்டொன்றே காரணம் எனப் பகர நாம் பித்தரல்லர். வறுமை விரட்டியது, வரதட்சணை மிரட்டியது. ஆயினும், பெண் ஒரு சுமை என்று அந்தக் கைகளுக்கு முதலில் கற்பித்தது எது?

அதற்காகப் பாட்டே வேண்டாம் என்போமா? என்னோம். தென்னாப்பிரிக்காவில் ஈனோக் சொன்டொங்கா என்ற பள்ளி ஆசிரியர், 1897-இல் ஒரு பாட்டு இயற்றித் தம் மாணவரைப் பாடவைத்தார். கடவுளை வேண்டும் பாட்டுத்தான் அது. எனினும் ஆப்பிரிக்கா என்ற ஒரே பெயரால் பல இனத்தாரையும் ஒன்றாக அழைத்தது. நிறவெறியை எதிர்த்து நின்றோர் நாவில் ஏறியது. 1997-இல் நாட்டுப் பண்ணின் பகுதியாயிற்று. இங்கே, புதுவையில் தமிழாசிரியராகப் பணியாற்றிய புரட்சிக்கவிஞர் பாரதிதாசன், பெண் குழந்தைக்கென்றே தாலாட்டுப் படைத்தார். சாதி இருளையும் மூடத்தனத்தையும் போக்க வந்தவளாக அவளைப் போற்றினார். இருவரும் ஆசிரியர்கள் என்பதை எண்ணும்போது நமக்கு நாணமும் வருகிறது, நம்பிக்கையும் வருகிறது.

நம் வகுப்பில் பழைய தாலாட்டு ஒன்றைப் பாடி முடித்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். "இது தம்பிக்குப் பாடுறது சார். எனக்கு எது?" என்றாள். அவளுக்குப் பாரதிதாசனைப் பாடிக் காட்டினோம்.

இளைஞர்களே, வீட்டுக்கு வீடு அந்தத் தாலாட்டைக் கொண்டு செல்லுங்கள், புதியன எழுதுங்கள். பாடியபின், "ஏன்?" என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். அக்கேள்விக்கு அஞ்சும் பாட்டு, நம்முடையதே ஆயினும், வேண்டவே வேண்டாம்!