தெருமுனைப் புங்கமரம் வரைக்கும்



முழங்கால் வலி பற்றி நாங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்று மனதைவிட்டுப் போகவில்லை. எழுதியவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மகன் அவர் கையில் அடி எண்ணும் வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டு, தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். அம்மாவால் மூவாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது அந்த எண்ணைப் பார்த்தால் மனசே விட்டுப்போகிறதாம். நடப்பதையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களைப் போல மனம் தளர்ந்தவர்கள் இன்னும் பல பேர் இருப்பார்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்தாயிரம். 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பரவிய அந்த நேரத்தில், 1965-ல் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்ற எண் அந்தக் கருவியின் பெயரிலேயே இருந்தது. சட்டென்று நினைவில் நிற்கிற முழு எண், ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. இன்று நம் எல்லோருடைய கைபேசியிலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் உண்மையில் எத்தனை அடி போதும்? 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக 72 வயதான, ஏறக்குறைய 17,000 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டிய பிறகு நன்மை மேலே ஏறவில்லை. மொத்த அடிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், வேகமாக நடந்தார்களா, மெதுவாக நடந்தார்களா என்பதும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் கூடுதலாக நடப்பார்கள் என்பதும் உண்மையே. அதற்கு இடம்விட்டுப் பார்த்தாலும், மூவாயிரத்தில் நிற்கிற ஒருவர் போய்ச்சேர வேண்டிய தூரம் மலைப்பானது இல்லை. இன்னும் 1,400 அடி என்றால், நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். அதையும் காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

வேலையோடு வேலையாக அசைகிற அசைவுக்கும் பலன் உண்டு. லண்டனின் மாடி பஸ்களில் அந்தக் காலத்தில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இந்த இரு தரப்பினரையும் ஒப்பிட்டுப் பார்த்து, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு என்று 1953-ல் எழுதினார். உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

வலிக்கிற முழங்காலை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போதுதான் சுற்றியிருக்கும் திரவத்திலிருந்து அது ஊட்டத்தை எடுத்துக்கொள்கிறது. நடையின் பலன் மூட்டோடு நிற்பதில்லை. சாப்பிட்டவுடன் சில நிமிடங்கள் உலாவினால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசல் வரைக்கும் நாலு முறை போய்வந்தாலும் அது கணக்கில் சேரும்.

இதையெல்லாம் ஹாலுக்குள்ளேயே நடந்து செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம். மழைக்காலத்தில் அதுதான் வழி. ஆனாலும் முடிந்தவரைக்கும் வெளியே வாருங்கள் என்பேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். சிலருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருடைய ஜன்னலுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர். மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-ல் வந்த சிறிய ஆய்வு அது, 46 பேர்தான். ஆனால் 2019-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுப் பார்த்தபோதும், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பூங்கா, வயல், ஆற்றங்கரை என்று இருந்தவர்கள்தான் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, கொஞ்சம் கொஞ்சமாகவா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

பூங்கா இல்லாத ஊரில் என்ன செய்வது? தெருவில் ஒரு மரம் இருந்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் அலுவலகத் தெருமுனையில் ஒரு புங்கமரம் இருக்கிறது. மாசியில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டும். பங்குனி பிறந்ததும் ஒரு வாரத்துக்குள் மரம் முழுக்கத் தளிர். எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும் இளம்பச்சை, வெயில் பட்டால் இலை வழியாக வெளிச்சம் தெரியும். பிறகு கொத்துக்கொத்தாய், வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய சின்னப் பூக்கள். காலையில் தரையில் பொரி சிந்தியது போலக் கிடக்கும். சங்கப் புலவர்களுக்கும் புங்கம்பூவைப் பார்த்தால் பொரிதான் ஞாபகம் வந்திருக்கிறது. கிட்டே போய் நின்றால் தேனீக்களின் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். தாழ்ந்த கிளையில் ஓர் இலையைப் பிடித்துப் பாருங்கள், பல இலைகளில் விரல் நீட்டியது போன்ற சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஒன்று அதற்குள்ளே குடியிருக்கிறது. வேகமாக நடப்பவருக்கு இதில் எதுவும் அகப்படாது. மெதுவாக நடக்க வேண்டியிருக்கிறதே என்று வருந்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

தெருவில் நடப்பதும் எல்லோருக்கும் சுலபமில்லை என்று தெரியும். நடைபாதை இருக்காது, இருந்தால் அதில் பைக் நிற்கும். நாய்த் தொல்லை வேறு. தனியாக நடக்கும் பெண்ணை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சுத்துணையும் ஆயிற்று. அதுவும் முடியாவிட்டால் மொட்டை மாடி இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் ஏறினால், கிளிகள் கத்திக்கொண்டே கூட்டமாக அடையப் போகும். பனைமரம் உள்ள ஊரென்றால் பனை உழவாரன்கள் வளைந்து வளைந்து பூச்சி பிடிப்பதைப் பார்க்கலாம். இருட்டுகிற நேரத்தில் முதல் வௌவால் கிளம்பும். தொட்டிச் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றுவதும், கறிவேப்பிலை பறிக்கக் கை நீட்டுவதும், களை பிடுங்கக் குனிந்து நிமிர்வதும் உடலசைவுதான்.

சில எச்சரிக்கைகள். புல்தரையில் வெறுங்காலோடு நடந்தால் எல்லா நோயும் போகும் என்று வரும் வாட்ஸ்அப் தகவலைச் சர்க்கரை நோயாளிகள் பின்பற்ற வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் முள் குத்தியதே தெரியாது, அந்தச் சிறு புண் பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும். செருப்போ ஷூவோ கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். நெஞ்சு அடைப்பது போலவோ தலை சுற்றுவது போலவோ இருந்தால் அப்படியே உட்காருங்கள், டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். தெருவுக்கு சிமென்ட் போடும்போது மரத்தின் அடிவரைக்கும் பூசிவிடுகிறார்கள். வேருக்குத் தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் இருக்கக் கூடாது, இருப்பதை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் தெரு மரங்களுக்கும் அந்த ஒரு மீட்டர் மண் வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். சாலை போட ஆட்கள் வரும் அன்று வாசலில் நின்று, மரத்தடியை விட்டுவிட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். மரத்தில் அடித்திருக்கும் விளம்பரத் தகட்டு ஆணிகளையும் பிடுங்கச் சொல்லுங்கள்.

வேம்பு பூக்கும் காலம் இது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூவைக் கடையில் வாங்காமல், நடக்கப் போகும்போது ஒரு துணியை எடுத்துப்போய் மரத்தடியில் விரித்து வையுங்கள், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் என்ன மரம், இந்த வாரம் அதில் என்ன பூத்தது, என்ன பறவை வந்து உட்கார்ந்தது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் தெரியாத மரமென்றால் இலையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பினாலும் சரி, தெரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த இதழில் பதில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்